புயலுக்கு வீட்டுக்குள், சுனாமிக்கு வீட்டைவிட்டு

கேள்வி: நான் திண்டுக்கல் பக்கத்திலிருந்து வேதாரண்யத்துக்கு வடக்கே உள்ள ஒரு கடலோர ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வீட்டுக்கும் கடலுக்கும் அரை கிலோமீட்டர்கூட இருக்காது. கணவர் ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறார். நான் நேரில் பார்த்த பெரிய பேரிடர் கஜா புயல் மட்டும்தான். 2004 சுனாமியின்போது கணவர் ஊரில் இல்லை. மாமியார் இருந்தார், தன் அக்காவை அதில் பறிகொடுத்தார். “எதுவா இருந்தாலும் கடல் ஏறி வர்றதுதானே, புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போனாப் போதும்” என்கிறார் கணவர். “அது வேற, இது வேற. நீ பார்த்ததில்லை” என்கிறார் மாமியார். இரண்டுக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்? பெரிய புயல் சுனாமியைக் கிளப்பிவிடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்களே, நிஜமா? கடல் உள்வாங்கினால் சுனாமி வரும் என்று அர்த்தமா? இப்போது ஓட்டு வீட்டைப் பிரித்து மாடி வைத்துக் கட்டலாம் என்றிருக்கிறோம். எதை மனதில் வைத்துக் கட்டுவது? மாமியாருக்கு முழங்கால் வலி, வேகமாக நடக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி. கடலிலிருந்து தண்ணீர் ஏறி வருகிறது என்ற ஒன்றை விட்டால் இரண்டுக்கும் பொதுவானது மிகக் குறைவு. உங்கள் கணவர் மனதில் வைத்திருப்பது புயலுக்கு நல்ல திட்டம். அதையே சுனாமிக்கும் வைத்துக்கொள்வதில்தான் ஆபத்து. கடலோர ஊர்களில் பேரிடர் ஆயத்தப் பயிற்சி நடத்துவது என் வேலை. போகிற இடமெல்லாம் இந்தக் குழப்பத்தைப் பார்க்கிறேன், கரையோரத்தில் இருப்பவர்களைவிட வெளியூரிலிருந்து வரும் அதிகாரிகளிடம் கொஞ்சம் அதிகமாகவே.

புயல் என்பது வானிலைச் சமாச்சாரம். கடலின் மேற்பரப்பு சுமார் 26.5 டிகிரிக்கு மேல் சூடாகியிருந்தால் அங்கிருந்து ஈரக்காற்று எழும்பி, மேகமாகி, அந்த வெப்பத்தை மேலே விடுகிறது. அந்த இடத்தில் காற்றழுத்தம் குறையக் குறையச் சுற்றியுள்ள காற்று உள்ளே பாய்கிறது. பூமி சுழல்வதால் இதுவும் சுழல ஆரம்பிக்கிறது. காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம் என்று செய்தியில் கேட்டுக் கேட்டு நமக்கு மனப்பாடமான வரிசை அதுதான். மணிக்கு 62 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால்தான் அதைப் புயல் என்று சொல்லிப் பெயர் வைப்பார்கள். அமெரிக்கப் பக்கம் ஹரிகேன் என்பதும் ஜப்பான் பக்கம் டைஃபூன் என்பதும் இதேதான். நமக்கு இதில் முக்கியம், புயல் மெதுவாக வளர்ந்து மெதுவாக வரும் என்பது. மணிக்குப் பதினைந்து இருபது கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்து வருவதை செயற்கைக்கோளில் நாள்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

சுனாமிக்கும் வானிலைக்கும் சம்பந்தமே இல்லை. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை நம் கரையில் காற்றும் இல்லை, மழையும் இல்லை. வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்த பக்தர்கள் கடற்கரையில் நின்றுகொண்டிருந்தார்கள். அதற்குள், நம் நேரப்படி 6 மணி 28 நிமிடத்துக்கு, சுமத்ரா தீவுக்கு மேற்கே கடலுக்கடியில் நிலம் உடைந்துவிட்டது. உடைப்பு அங்கேயே நிற்காமல் அந்தமான் வரை சுமார் 1,200 கிலோமீட்டர் நீளத்துக்கு வடக்கே ஓடியது. கடல்தரை சில மீட்டர் தூக்கப்பட்டதும் அதன்மேல் நின்ற மொத்தத் தண்ணீரும் சேர்ந்து எழும்பியது. அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து வாயால் ஊதிப் பாருங்கள், மேலே மட்டும் சுருக்கம் விழும். பாத்திரத்தின் அடியில் ஒரு தட்டுத் தட்டினால் தண்ணீர் மொத்தமும் ஆடும். புயல் ஊதுவது, சுனாமி அடியில் தட்டுவது.

மொத்தத் தண்ணீரும் ஆடுவதால் சுனாமியின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டர், அதாவது விமான வேகம். கரையோரம் பத்து மீட்டர் ஆழத்துக்கு வரும்போது 36 கிலோமீட்டராகக் குறைந்துவிடும். ஆனால் முன்னால் போவது மெதுவாகிவிட, பின்னால் வருவது வேகமாக வந்து மோத, தண்ணீர் குவிந்து உயர்கிறது. நடுக்கடலில் அதற்கு உயரமே கிடையாது. அன்று உடைப்பு நடந்து இரண்டு மணி நேரம் கழித்து இந்தியப் பெருங்கடலுக்கு மேல் போன ஜேசன் செயற்கைக்கோள் அளந்தது சுமார் அறுபது சென்டிமீட்டர்தான். அந்த அறுபது சென்டிமீட்டரும் பல நூறு கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவியது. படகில் இருப்பவருக்கு அது ஏறி இறங்கியதே தெரியாது. தொழிலுக்குப் போய் ஆழ்கடலில் இருந்தவர்கள் ஒன்றும் தெரியாமல் திரும்பி வந்து பார்த்தால் ஊரைக் காணோம். உங்கள் ஊரில் வயதானவர்களைக் கேளுங்கள், அப்படித் திரும்பியவர் யாராவது இருப்பார்.

அந்த நாளில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையைக் கடந்ததும் ஏறத்தாழ அதே கரையில்தான். தென்னந்தோப்புகள் மொட்டையாகி, வீடுகள் கூரை பறந்து, வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். சேதம் கடலை விட்டு வெகுதூரம் உள்ளே, புதுக்கோட்டை, திண்டுக்கல் வரை போனது. உங்கள் பிறந்த வீட்டுப் பக்கமும் காற்று அடித்திருக்கும். ஆனால் மாநிலம் முழுக்கச் சேர்த்தும் உயிரிழப்பு நூறைத் தொடவில்லை. காரணம் கஜா சின்னப் புயல் என்பதல்ல. முதல் நாளே ஆட்களை முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

இதை வைத்து ‘புயல் பொருளை எடுக்கும், சுனாமி உயிரை எடுக்கும்’ என்று சிலர் பேசுவார்கள். நம்பாதீர்கள். 1970 நவம்பரில் இன்றைய வங்கதேசத்தின் கரையில் அடித்த போலா புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். பதினான்கு நாடுகளிலும் சேர்த்து 2004 சுனாமியில் இறந்தவர்கள் சுமார் இரண்டேகால் லட்சம். 1977-இல் ஆந்திராவின் திவிசீமா தீவுப் பகுதியில் ஒரே இரவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் பயணிகள் ரயிலோடு சேர்த்து வாரிக்கொண்டு போனதும் புயல்தான். அதைச் சுனாமி என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த எல்லா இடங்களிலும் கொன்றது காற்றைவிடத் தண்ணீர். புயல்காற்று கடலை மணிக்கணக்கில் கரையை நோக்கித் தள்ளிக் குவிப்பதால் வரும் ஏற்றம் அது. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஒரு சென்டிமீட்டர் உயரும் என்பது கணக்கு, ஆனால் அது சிறு பங்குதான். பெரும் பங்கு காற்றின் தள்ளு. கடல் ஆழமில்லாமல் இருந்தால் தள்ளிய தண்ணீருக்குப் போக இடமில்லாமல் கரையேறும். வங்கதேசக் கரையும் நம் பாக் நீரிணையும் இந்த விஷயத்தில் மோசமான இடங்கள்.

ஒடிசாவில் 1999-இல் வந்த பெரும்புயல் சுமார் பத்தாயிரம் பேரைக் கொண்டுபோனது. 2013-இல் ஃபைலின் வந்தபோது முன்கூட்டியே ஏறக்குறைய பத்து லட்சம் பேரை அப்புறப்படுத்தினார்கள்; இறந்தவர் எண்ணிக்கை பத்துகளில் நின்றது. புயல் நமக்குக் கொடுக்கும் நாட்களை உபயோகித்துக்கொண்டால் இவ்வளவு வித்தியாசம் வரும். சுனாமி அந்த நாட்களைத் தராது. பூகம்பம் எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல உலகத்தில் யாராலும் முடியாது. சொல்வதாக வாட்ஸ்அப்பில் வந்தால் அழித்துவிடுங்கள்.

சரி, எத்தனை நேரம் கிடைக்கும்? நம் கரைக்குச் சுனாமி பெரும்பாலும் சுமத்ரா-அந்தமான் பக்கமிருந்துதான் வரும். 2004-இல் காலை ஒன்பது மணியளவில் அலை நம் கரையைத் தொட்டது. அதாவது உடைப்புக்கும் அலைக்கும் நடுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. சொல்லத்தான் ஆள் இல்லை. இன்று ஆள் இருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள, கடல் பற்றிய தகவல் தரும் மத்திய அரசின் இன்காய்ஸ் நிறுவனத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. கடலடியில் பெரிய நடுக்கம் வந்தால் சுமார் பத்து நிமிடத்துக்குள் முதல் அறிவிப்பு தருகிறார்கள். பிறகு கடல்தரையில் வைத்த அழுத்தமானிகளையும் துறைமுக அலைமானிகளையும் பார்த்து, அலை உண்மையில் கிளம்பியதா என்று உறுதி செய்கிறார்கள். அறிவிப்பு ஹைதராபாத்திலிருந்து சென்னைக்கும், அங்கிருந்து மாவட்டத்துக்கும், அங்கிருந்து உங்கள் தெருவுக்கும் வந்து சேரும் நேரத்தைக் கழித்தால் உங்கள் கையில் ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடைப்பு நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே உள்ள கார் நிக்கோபார் தீவில் இருப்பவருக்கு அதுவும் இல்லை. நிற்க முடியாத அளவு நிலம் ஆடினால் அதுவே எச்சரிக்கை, அடுத்த சில நிமிடத்தில் தண்ணீர்.

அந்தக் கடைசி மைல் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குப் புதுச்சேரி நல்லவாடு ஒரு சாட்சி. எச்சரிக்கை மையம் எதுவும் இல்லாத 2004-லேயே, சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் டிவியில் செய்தி பார்த்துவிட்டு ஊருக்கு ஃபோன் போட்டார். மீன்பிடி தகவலுக்காக அங்கே வைத்திருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே கத்திச் சொன்னார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த ஊர், உயிர் தப்பியது. உங்கள் ஊரில் அந்த ஒலிபெருக்கி எது? கோயில் மைக்கா, பஞ்சாயத்து சைரனா? கரண்ட் இல்லாவிட்டால் ஓடுமா? இதை ஒருமுறை போய்ப் பாருங்கள்.

இன்னொன்று. புயலுக்குத் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள், ஒன்றாம் எண், மூன்றாம் எண் என்று படிப்படியாக. நம் ஆட்கள் கூண்டைப் பார்த்துத்தான் தொழிலுக்குப் போவதை முடிவு செய்கிறார்கள். சுனாமிக்குக் கூண்டு கிடையாது. வானத்தைப் பார்த்தும் தெரியாது. வாடைக்காற்று, கொண்டல் என்று காற்றைப் படித்துத் தொழில் செய்யும் அறிவு முழுவதும் சுனாமிக்கு உதவாது. உங்கள் கணவர் போன்ற அனுபவசாலிகள் ஏற்கச் சிரமப்படும் இடம் இதுதான்.

புயல் சுனாமியைக் கிளப்புமா? கிளப்பாது. நம் கரையைத் தாக்கும் சுனாமிக்குக் கடல்தரை நகர வேண்டும். நிலநடுக்கம், கடலடி மண்சரிவு, எரிமலை வெடிப்பு, இவைதான் காரணங்கள். காற்றழுத்தம் திடீரென்று மாறுவதால் சுனாமி மாதிரிச் சிறு அலைகள் எழுவது உலகில் சில இடங்களில் உண்டு. வீடியோக்காரர் அதை எங்கேயோ படித்துவிட்டுக் கலந்திருக்கலாம். கடல் சூடாவதால் புயலுக்குத் தீனி கூடுகிறது என்பது உண்மை. சுனாமிக்கு அந்தக் கணக்கு இல்லை. எல்லா நிலநடுக்கமும் சுனாமி தரும் என்பதும் இல்லை. 2012 ஏப்ரல் 11 மதியம் சுமத்ரா பக்கம் 8.6 அளவில் நடுக்கம் வந்து சென்னையில் அலுவலகங்களிலிருந்து மக்கள் இறங்கி ஓடினார்கள், கடலோரத்தில் எச்சரிக்கை விட்டார்கள், கடைசியில் வந்தது சிறு அலைதான். அங்கே நிலம் மேலும் கீழுமாக நகராமல் பக்கவாட்டில் உரசிக்கொண்டதால் தண்ணீர் தூக்கப்படவில்லை. அப்போது ‘பொய் எச்சரிக்கை’ என்று திட்டியவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. 8.6 என்று தெரிந்தபின் நிலம் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று காத்திருந்து பார்க்க அவகாசம் கிடையாது. அன்று ஓடியவர்கள் சரியாகத்தான் செய்தார்கள்.

கடல் உள்வாங்கும் கேள்விக்குக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. ‘கடல் உள்வாங்கியது, மக்கள் பீதி’ என்று ராமேஸ்வரம், பாம்பன் பக்கத்திலிருந்து அவ்வப்போது செய்தி வரும். அங்கே கடல் ஆழமில்லை. காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசினாலும், வற்றம் அதிகமாக இருந்தாலும் தண்ணீர் விலகி மணல் தெரியும். புயலும் இதைச் செய்யும். நம் கிழக்குக் கரையில் புயல் கரையைக் கடக்கும்போது, அது கடக்கும் இடத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து நிலத்துக்கு அடிக்கும், அங்கே கடல் ஏறும். தெற்கே காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும், அங்கே கடல் விலகும். ஆகவே விலகியதெல்லாம் சுனாமி அல்ல.

மறுபக்கம், சுனாமி என்றால் கண்டிப்பாக முதலில் கடல் உள்வாங்கும் என்று பள்ளிக்கூடங்களில்கூடச் சொல்லித் தருகிறார்கள். இது அதைவிட ஆபத்தான பாடம். கடல்தரை ஒரு பக்கம் உயர்ந்தால் இன்னொரு பக்கம் தாழும். தாழ்ந்த பக்கத்தை நோக்கிய கரையில் முதலில் கடல் விலகும், உயர்ந்த பக்கத்தை நோக்கிய கரையில் முதலிலேயே தண்ணீர் ஏறும். 2004-இல் தாய்லாந்தில் கடல் முதலில் விலகியது. நமக்கும் இலங்கைக்கும் முதலில் வந்ததே ஏற்றம்தான்; விலகல் அதற்குப் பின், அடுத்த அலைக்கு முன்னால். சுமத்ரா பக்கம் அடுத்த முறையும் நிலம் அதே மாதிரி உடைந்தால் நமக்கு முதலில் வருவது ஏற்றமாகத்தான் இருக்கும். கடல் உள்வாங்கட்டும், அப்புறம் ஓடலாம் என்று யாரும் காத்திருக்கக் கூடாது. உள்வாங்கினால் ஓடுங்கள், உள்வாங்காவிட்டாலும் அறிவிப்பு வந்தால் ஓடுங்கள். ஓடிவிட்டு, காற்றால் விலகிய கடல் என்று தெரிந்தால் திரும்பி வந்து சோறு வடிக்கலாம், ஒன்றும் நஷ்டமில்லை.

(கன்னியாகுமரிப் பக்கம் உறவினர் இருந்தால் ‘கள்ளக்கடல்’ என்றும் கேள்விப்படுவீர்கள். வெகுதூரத்தில், தென் பெருங்கடலில் எழுந்த நீண்ட அலைகள் நல்ல வெயிலில் வந்து கரையேறுவது அது. சுனாமியும் இல்லை, உள்ளூர்ப் புயலும் இல்லை. அதற்கும் இன்காய்ஸ் தனியாக அறிவிப்பு தருகிறது.)

புயலும் சுனாமியும் ஒத்துப்போகிற ஒரு விஷயம் உண்டு. இரண்டும் நடுவில் ஓய்ந்ததுபோல் ஏமாற்றும். புயலின் கண் உங்கள் ஊருக்கு மேலேயே கடந்தால் பேய்க்காற்று சட்டென்று நிற்கும், சில சமயம் நட்சத்திரம்கூடத் தெரியும். ஆட்கள் வெளியே வந்து ஓடு பறந்ததா, ஆடு மாடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அரை மணியோ முக்கால் மணியோ கழித்துக் காற்று எதிர்ப்பக்கமிருந்து அடிக்கும். அதுவரை வடக்கிலிருந்து அடித்தது தெற்கிலிருந்து அடிக்க, ஒரு பக்கம் தளர்ந்து நிற்கும் கூரையும் மரமும் மறுபக்கமாகச் சாயும். அதில் அடிபட்டுச் சாகிறவர்கள் அதிகம்.

சுனாமியின் ஓய்வு இன்னும் நீளமானது. அது ஒரு அலை அல்ல, வரிசை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே பத்து நிமிடமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். முதல் அலை பெரியதாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இலங்கையின் தென்மேற்குக் கரையில் பெரலிய என்ற ஊரில் நடந்தது இதுதான். கொழும்பிலிருந்து மாத்தறைக்குப் போன ரயில் முதல் அலையில் நின்றுவிட்டது. ரயில் பாதுகாப்பு என்று நினைத்து அக்கம்பக்கத்து மக்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெட்டிகளில் ஏறினார்கள், சிலர் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்தார்கள். அடுத்து வந்த பெரிய அலை ரயிலைப் புரட்டிப் போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த ஒரே இடத்தில் இறந்தார்கள். ஆகவே, தண்ணீர் வடிந்ததும் நகை எடுக்க, ஆளைத் தேட, துள்ளுகிற மீனைப் பொறுக்க யாரும் திரும்பக் கூடாது. எச்சரிக்கை விலக்கப்பட்டது என்று அதிகாரபூர்வமாகச் சொல்லும்வரை, அரை நாள் ஆனாலும், போன இடத்திலேயே இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் வீட்டு வாக்குவாதத்துக்கு வருகிறேன். புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போகலாமா? புயல் என்றால் தாராளமாக. முதல் நாள் பகலிலேயே போய்விடுங்கள். காற்று ஏறியபின் தெருவில் பறக்கும் தகரமும் தென்னைமட்டையும்தான் ஆளைக் கொல்லும். ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, மாமியாரின் மாத்திரை, டார்ச், இரண்டு நாள் தண்ணீர், இதெல்லாம் எடுத்து வைக்க நேரம் இருக்கிறது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு காற்று முழுதும் ஓயும்வரை இருப்பதுதான் வேலை.

சுனாமிக்கு வேலை இதற்கு நேர் எதிர். கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டு உள்நாட்டுப் பக்கம் நடக்க வேண்டும். உங்கள் பக்கம் மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை, நிலம் தட்டை. இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே போவதுதான் வழி. கடலுக்கு இணையாகப் போகும் ரோட்டில் வண்டியை விடாதீர்கள், முகத்துவாரத்தையும் ஆற்றங்கரையையும் ஒட்டிப் போகாதீர்கள். 2004-இல் தண்ணீர் ஆறுகளின் வழியாகத்தான் அதிக தூரம் உள்ளே போனது. உங்கள் வட்டாரத்தில் வேதாரண்யம் கால்வாய் கடற்கரைக்கு இணையாகவே ஓடுகிறது. ஊருக்கு முன்னால் கடல், பின்னால் கால்வாய் என்று இருக்கும் ஊர்களில் தப்பிக்கும் வழி ஒரே ஒரு பாலமாகக்கூட இருக்கலாம். உங்கள் வீட்டிலிருந்து அந்தப் பாலத்துக்கு நடந்து பாருங்கள், எத்தனை நிமிடம் ஆகிறது என்று. ஊர் மொத்தமும் பைக்கோடும் ஆட்டோவோடும் அங்கே வந்து நின்றால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துப் பாருங்கள். ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது நடப்பதுதான் நிச்சயம்.

பாதுகாப்பு மையத்துக்குச் சுனாமியில் ஒரு உபயோகம் உண்டு. நேரம் போய்விட்டது, பாலத்தைத் தாண்ட முடியாது என்ற நிலையில், தூண்களின் மேல் உயர்த்திக் கட்டிய அந்தக் கட்டடத்தின் மேல்தளத்துக்கும் மொட்டைமாடிக்கும் ஏறலாம். பள்ளிக்கூடத்தின் இரண்டாம் மாடியும் அப்படித்தான். தரைத்தளத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால், அந்தக் கட்டடம் எவ்வளவு பலமானதாக இருந்தாலும், அது அறையாக இருக்காது, தொட்டியாகிவிடும்.

வீடு கட்டுவதைப் பற்றி. நியாயமாகப் பார்த்தால் உங்கள் ஆயுளில் பல புயல் வரும். 2004 போன்ற சுனாமி நூற்றாண்டுகளுக்கு ஒருமுறை வருவது. தாய்லாந்தின் ஃப்ரா தோங் தீவில் மண்ணைத் தோண்டி அடுக்குகளைப் பார்த்தவர்கள், 2004-க்கு முந்தைய அதே அளவு அலை சுமார் 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முன்பு வந்தது என்று கண்டுபிடித்தார்கள். நடுவில் சின்னவை வந்ததுண்டு. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் பக்கம் நடந்த நடுக்கத்தின் அலையை நம் கிழக்குக் கரைத் துறைமுகங்களின் அலைமானிகள் அப்போதே பதிவு செய்திருக்கின்றன. ஆகவே என் யோசனை, காசைப் புயலுக்குச் செலவழியுங்கள், பயிற்சியைச் சுனாமிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாடி என்றால் கான்கிரீட் தளமாகவே போடுங்கள். செலவு குறையும் என்று மேலே ஆஸ்பெஸ்டாஸோ தகர ஷீட்டோ போடச் சொல்வார்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் விளிம்பு வெளியே அதிகம் நீட்டாமல், ஓரங்களிலும் மூலைகளிலும் கொக்கிகளை நெருக்கமாக வைத்து முடுக்கச் சொல்லுங்கள். காற்று முதலில் தூக்குவது ஓரத்தைத்தான். மாடிப்படியை வீட்டுக்கு வெளியே வையுங்கள், அதுவும் கடலைப் பார்க்காத பக்கம். தரைமட்டத்தை ரோட்டைவிட நன்றாக உயர்த்துங்கள். புயல் ஏற்றத்துக்கு அது உதவும், மழை வெள்ளத்துக்கும் உதவும். மொட்டைமாடிக்குப் போக ஒரு படி இருப்பது கடைசி நேரத்தில் சுனாமிக்கும் உதவும், ஆனால் அதை நம்பி வீட்டிலேயே தங்கிவிடாதீர்கள். சாதாரண செங்கல் வீடு ஓடி வரும் தண்ணீரையும் அது அடித்துக்கொண்டு வரும் படகுகளையும் தாங்கும் என்று சொல்ல முடியாது. கட்ட ஆரம்பிக்கும் முன் ஒன்று விசாரியுங்கள்: உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தில் தண்ணீர் தொடும் எல்லை) 500 மீட்டருக்குள் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும். உங்கள் வீடு அரை கிலோமீட்டருக்குள் என்கிறீர்கள். பாதி கட்டியபின் பிரச்சினை வருவதைவிட முன்பே கேட்டுவிடுவது நல்லது.

உங்கள் கணவருக்குத் தனியாக ஒரு வார்த்தை. புயல் அறிவிப்பு வந்தால் கரைக்கு வர வேண்டும். 2017-இல் ஒக்கி வந்தபோது கடலில் இருந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். சுனாமி அறிவிப்பு வரும்போது அவர் ஆழ்கடலில் இருந்தால் கரைக்கு வரக் கூடாது. அலை உயர்வது கரையோரத்தில்தான், துறைமுகத்துக்குள் அது சுழன்று படகுகளை ஒன்றோடொன்று மோதவிடும். ஆழமான இடத்திலேயே நின்று, விலக்க அறிவிப்பு கேட்டபின் திரும்புவதுதான் பத்திரம். ஆனால் அவர் கரையில் இருக்கும்போது அறிவிப்பு வந்தால், ‘படகைக் கடலுக்குள் கொண்டுபோய்விடுகிறேன்’ என்று கிளம்பக் கூடாது. படகு போனால் நிவாரணமாவது கேட்கலாம். வாக்கி-டாக்கியோ ரேடியோவோ வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு முறை தொழிலுக்குப் போகும்போதும் பார்த்துக்கொள்ளட்டும். கடலில் அவருக்கு அதைத் தவிர வேறு காது இல்லை.

மாமியாரின் முழங்காலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். புயலுக்கு அது பெரிய விஷயமில்லை. முதல் நாளே ஆட்டோ வைத்துக் கூட்டிப்போய்விடலாம். சுனாமிக்கு அவர்தான் உங்கள் திட்டத்தின் முதல் வரி. உங்கள் கணவர் கடலில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், நீங்கள் மட்டும் வீட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அவரை யார் வண்டியில் ஏற்றுவது? பக்கத்து வீட்டில் பைக் ஓட்டும் ஒரு பையனிடமோ பெண்ணிடமோ இப்போதே பேசி வையுங்கள், அவர்கள் இல்லாத நாளுக்கு இன்னொருவரிடமும். பிள்ளைகளைத் தேடி நீங்கள் பள்ளிக்கு ஓட வேண்டாம். அவர்களை எங்கே கூட்டிப்போவார்கள் என்று தலைமையாசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, நீங்கள் அந்த இடத்துக்கே போங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலத்துக்கு 1070. இரண்டையும் மாமியாரின் பட்டன் ஃபோனிலும் போட்டு வையுங்கள்.